கிளி வளர்த்தால் ஜெயிலா?

வாசகர் கேள்வி பதில்
பதில் சொல்பவர்: தக்கலை வக்கீலம்மா

வீட்டு விலங்குகள் பற்றிச் சட்டக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் ஆசிரியர் இரண்டு வரி போட்டிருந்தார். நாயும் பசுவும்தான் வரும் என்று நினைத்திருந்தேன். கிளி, காட்டுப்பன்னி, தேனீ, ஆமை, சேவல், யானை வரை வந்துவிட்டது. வடக்கே காடு, தெற்கே கடல், நடுவில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள் என்று இருக்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் வேறு எப்படி இருக்கும்? பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறீர்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பட்டுப்போன தென்னையை வெட்டிச் சாய்த்தபோது பொந்துக்குள் ஒரு கிளிக்குஞ்சு கிடந்தது. எட்டு வருடமாக வளர்க்கிறோம். யாராவது படியேறி வந்தால் "சாயா வேணுமா" என்று கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது "ஃபாரஸ்டுக்குப் போன் போடுவேன்" என்று மிரட்டுகிறார். கிளி வளர்த்தால் ஜெயிலா வக்கீலம்மா?
வாசகி, திருவிதாங்கோடு

கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள பச்சைக்கிளிதானே? அப்படியென்றால் குற்றம்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. அதன்படி பச்சைக்கிளி, பாதுகாக்கப்பட்ட உயிர்களின் இரண்டாம் பட்டியலில் வருகிறது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே தப்பு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய அபராதம் 25,000தான். திருத்தத்தில் நாலு மடங்காக்கிவிட்டார்கள்.

"நாங்கள் பிடிக்கவில்லையே, மரம் விழுந்து கிடைத்ததுதானே?" என்று கேட்பீர்கள். அதற்கும் சட்டத்தில் ஒரு வழி எழுதியிருக்கிறது. காட்டு உயிர் என்பது அரசாங்கச் சொத்து. அது உங்கள் கைக்கு எப்படி வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறையிலோ சொல்லியிருக்க வேண்டும். எட்டு வருடம் பாலும் பழமும் கொடுத்து வளர்த்ததால் கிளி உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. நிலத்தை நீண்ட நாள் அனுபவித்தால் உரிமை வருகிற மாதிரி கிளியில் வராது.

சரி, இப்போது என்ன செய்ய? முதலில், என்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்கிறேன். பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது, பறக்கிற தசையே வலுவாக இருக்காது. அடுத்த வீட்டு வாழையில் உட்கார்ந்து "சாயா வேணுமா" என்று கேட்டுக்கொண்டிருக்கும், பூனை வந்து கொண்டுபோகும்.

நீங்களாகவே வனத்துறைக்குப் போங்கள். திருவிதாங்கோட்டுக்குப் பக்கம் வேளிமலை வனச்சரகம். இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகம். கிளி எப்படிக் கிடைத்தது, எத்தனை நாளாக இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தானாக வந்து ஒப்படைத்தவரை நடத்துகிற விதமும், புகார் வந்து வீட்டில் சோதனை போட்டுப் பிடித்தவரை நடத்துகிற விதமும் ஒன்றல்ல. இந்தச் சட்டத்திலேயே சிறு குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசமாக முடிக்கவும் இடம் இருக்கிறது.

உங்களுக்கு அழுகை வரும் என்று தெரியும். என் கட்சிக்காரர் ஒருவர் கூண்டை ஒப்படைக்கப் போனபோது கூடவே ஒரு பையில் கோவைப்பழமும் பழுத்த மிளகாயும் கொண்டுபோனார், "இது ரெண்டும் இல்லாம சாப்பிடாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆனால் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்றால், சந்தையில் விற்கிற ஒரு கிளிக்குஞ்சுக்குப் பின்னால் பொந்தை உடைத்துப் பிடித்து, இறகு கத்தரித்து, காற்றில்லாத பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரும்போது செத்துப்போன குஞ்சுகள் இருக்கின்றன. உங்கள் கிளி அந்த வழி வந்ததில்லை என்று உங்களுக்குத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது. கோயில் வாசலில் கிளி ஜோசியக்காரர்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கேட்க வேண்டாம். அவர்களும் இதே சட்டத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. என்னிடம் வந்த கிளிச் சண்டைகளில் கிளிக்காக நடந்த சண்டை ஒன்றுகூடக் கிடையாது. எல்லையில் நிற்கிற பலா, மதிலுக்கு மேல் சாய்ந்த தென்னை, வழியை அடைத்த கல் என்று அடியில் வேறொன்று கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எந்த மரம் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மருமகன் திருவனந்தபுரத்தில் ஒரு கடையிலிருந்து சாம்பல் நிறப் பெரிய கிளி வாங்கி வந்திருக்கிறார். ஆப்பிரிக்கன் கிரே என்கிறார். "வெளிநாட்டுக் கிளிக்கு நம்ம ஊர்ச் சட்டம் கிடையாது" என்று கடைக்காரர் சொன்னாராம். உண்மையா?
வாசகர், குழித்துறை

கடைக்காரருக்கு விற்பனை முடிந்துவிட்டது, அதனால் அவர் எதுவும் சொல்வார். அவர் சொன்னது ஒரு காலத்தில் ஓரளவு சரியாக இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இல்லை. அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாட்டு உயிர்கள் எல்லாம் இப்போது நம் சட்டத்தின் நாலாம் பட்டியலில் வந்துவிட்டன. ஆப்பிரிக்கன் கிரே அதில் மிக உயர்ந்த பாதுகாப்பில் இருப்பது. மக்காவ், கன்யூர் கிளிகள், இக்வானா, பால் பைத்தான் பாம்பு எல்லாம் இதே கணக்கில் வரும்.

2024 பிப்ரவரியில் இதற்கென்று விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது எப்போதோ முடிந்தது. இப்போது புதிதாக வாங்குகிறவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் என்கிற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், செத்தாலும், வேறு ஒருவர் கைக்குப் போனாலும் தெரிவிக்க வேண்டும். மருமகன் வாங்கிய தேதியைப் பாருங்கள், நாள் இருந்தால் இன்றே செய்யச் சொல்லுங்கள். கடையில் ரசீது, விற்றவரின் பதிவு விவரம், இறக்குமதி செய்த பறவையென்றால் அதற்கான தாள்கள் எல்லாம் கேட்டு வாங்க வேண்டும். செல்லப்பிராணிக் கடை என்றால் 2018 விதிகளின்படி மாநில விலங்குநல வாரியத்தில் அந்தக் கடையே பதிவாகியிருக்க வேண்டும். ரசீது தர மறுக்கிற கடையில் பறவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கிற சின்னக் கலர்ப் பறவைகள் பெரும்பாலும் பட்ஜரிகர்கள். அவற்றுக்கும் காக்டீலுக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் சைக்கிளில் கூண்டு கட்டிப் பச்சையும் ரோஸுமாகக் கொண்டுவருகிறார்களே, அதில் பல நம் வயல்களில் பிடித்துச் சாயம் முக்கிய சில்லைக் குருவிகள். குழந்தை கேட்டாலும் வாங்காதீர்கள். அதுவும் பச்சைக்கிளி கேஸ்தான்.

கேள்வி: அடுத்த வீட்டில் இரண்டு பசு நிற்கிறது. எனக்கு மயினி (அண்ணி) முறை. சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் பிழைப்பு. ஆனால் தொழுவத்தைக் கழுவிய தண்ணீர் எங்கள் மதிலடியில் தேங்கி, கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. சொன்னால் "பசு வளர்க்கக்கூடாதுன்னு சட்டமா இருக்கு?" என்கிறார். சட்டம் இருக்கிறதா?
வாசகி, மணவாளக்குறிச்சி

பசு வளர்க்கக்கூடாது என்று சட்டமில்லை, மயினி சொன்னது சரி. நகர்ப்பகுதிகளில் விலங்கு, பறவை வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-இல் ஒரு மாநிலச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகளுக்கும் உரிமம் கேட்கிற, சுகாதாரக் கேட்டுக்கு நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரம் உண்டு. ஆனால் பசு நிற்கலாம், அதன் கழிவு உங்கள் கிணற்றுக்கு வரக்கூடாது. உங்கள் ஊர் மணல் பாங்கான நிலம், ஊற்றிய தண்ணீர் நின்று யோசிக்காமல் உள்ளே இறங்கிவிடும். களிமண் ஊரில் தெருவோடு நிற்கிற சண்டை உங்கள் ஊரில் நேரே கிணற்றுக்கு வந்துவிடுகிறது.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். "நாறுகிறது" என்று நீங்கள் சொல்வதற்கும், ஈ கோலை கிருமியும் நைட்ரேட்டும் இருக்கிறது என்று ஒரு தாள் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒருவேளை தாள் வேறு கதை சொன்னால், உங்கள் சொந்த செப்டிக் டேங்கையும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பசுவின் மேல் போடுகிற பழியில் பாதி செப்டிக் டேங்குக்குச் சேர வேண்டியது.

தாள் உங்கள் பக்கம் இருந்தால் பேரூராட்சி செயல் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்து பார்ப்பார். அதற்கும் அசையவில்லை, தெருவில் பல வீட்டுக் கிணறுகள் இப்படியாகியிருக்கின்றன என்றால் எல்லோரும் சேர்ந்து பத்மநாபபுரம் சப் கலெக்டரிடம் மனு போடலாம். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய ஆட்களுக்கு இது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133 என்றால் புரியும். உங்கள் ஒரு கிணறு மட்டும்தான் என்றால் அது பொதுத்தொல்லைக்குள் வராது. அதற்கு முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்டு சிவில் வழக்கு. அது முடிவதற்குள் இரண்டு பசுவும் நாலாகிவிடும்.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது வேறு. தொழுவத்தின் தரை உங்கள் பக்கம் சாய்வா, அவர் பக்கம் சாய்வா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு கொத்தனார் ஒரு நாள் வேலையில் சாய்வை மாற்றி, ஒரு ஓடை கட்டி, சிமெண்டுத் தொட்டியில் விட்டுவிடலாம். அந்தத் தொட்டித் தண்ணீர் தென்னைக்கு உரம். கொத்தனார் கூலியில் பாதி நீங்கள் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு வக்கீல் ஃபீஸ் கொடுப்பதைவிட மலிவு, மயினியும் மயினியாக இருப்பார்.

கேள்வி: காப்புக்காட்டை ஒட்டி ஒரு ஏக்கரில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில் வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போகிறது. பன்னியைச் சுடலாம் என்று கவர்மெண்ட் ஆர்டர் போட்டதாகச் சொல்கிறார்கள். இங்கே சிலர் கரண்ட் கம்பி கட்டியிருக்கிறார்கள். நானும் கட்டலாமா?
வாசகர், கீரிப்பாறைக்கு அருகில்

அண்ணாச்சி, கரண்ட் கம்பிக்கு என் பதில்: கட்டவே கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குள் போய் அவிழ்த்துவிடுங்கள்.

வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் ஷெட்டிலிருந்தோ நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக் கருவி வைப்பது. வீட்டு மின்சாரம் தொட்டவனின் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விடாது. வனத்துறை அனுமதிக்கிற சூரிய மின்வேலி வேறு ஜாதி. அதில் ஒரு பெட்டி பாட்டரியிலிருந்து ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பாக, கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாக அடிக்கும். அடுத்த துடிப்புக்குள் பன்னி பின்வாங்கிவிடும், ஆளும் பின்வாங்கலாம். தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிக்கென்றே பதிவு, ஒழுங்குமுறை விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டை ஒட்டிய நிலத்தில் புதிதாகப் போட வனத்துறை அனுமதி வேண்டும், பழையதைப் பதிவு செய்ய வேண்டும், கருவி தரச்சான்று உள்ளதாக இருக்க வேண்டும்.

லைன் கம்பியில் பன்னி செத்தால் வனவிலங்கு வழக்கு. யானை செத்தால் அது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பட்டியல், குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகும். விடிகாலையில் ரப்பர் பால்வெட்டப் போகிற பக்கத்துத் தோட்டத்து ஆள் மிதித்தால்? கொலையாகாத மரண வழக்கு வரைக்கும் போகலாம். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். மின்திருட்டு வழக்கு தனி. தீனிக்குள் வெடியை மறைத்து அவுட்டுக்காய் வைப்பதும் இதே கதைதான். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதறி ஆற்றுக்குள் நின்றே செத்த சினையானையை நாடே பார்த்தது.

சுடுகிற ஆர்டர் பற்றி. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது உண்மை. ஆனால் யார் சுடலாம், எங்கே சுடலாம் என்பதைச் சொன்னவர் விழுங்கிவிட்டார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வனத்துறை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சுடுவது, அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள். விவசாயி துப்பாக்கி எடுக்க அந்த ஆர்டரில் இடமில்லை. உங்கள் நிலம் காட்டை ஒட்டியே இருப்பதால் முதல் வட்டத்தில் வருகிறது. காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் பன்னி அதிகம், அவனுக்குத்தான் வழி குறைவு. இது எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த எல்லைக்குள் சுட்டால் பன்னி மட்டும் விழாது, அந்தச் சத்தத்தில் மற்றதெல்லாம் கலையும் என்று வனத்துறை சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நம் மாவட்டக் காட்டில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் வனவிலங்கு சரணாலயம்.

உங்களுக்கு மிச்சம் இருப்பது நஷ்டஈடு. அதில் நம் ஆட்கள் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: விடிந்ததும் சாய்ந்த வாழையை வெட்டி ஒதுக்கிச் சுத்தம் செய்துவிட்டு, நாலு நாள் கழித்து மனு கொடுப்பது. ஒன்றையும் தொடாதீர்கள். பன்னி கிளறிய மண், குளம்புத் தடம், கடித்துத் துப்பிய கிழங்கு எல்லாம் தெரிகிற மாதிரி, நிலத்தை அடையாளம் காட்டும் பாறையோ வீடோ பின்னால் வருகிற மாதிரி போட்டோ எடுங்கள். அன்றைக்கே வனச்சரகத்தில் மனு கொடுங்கள், வி.ஏ.ஓ.வையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக் நகல் சேருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் இந்த வருடமாவது மாற்றிவிடுங்கள். பன்னி யார் பெயரில் பட்டா என்று பார்க்காது, ஆபீஸில் பார்ப்பார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு மாடியில் முரட்டு நாய் ஒன்று. கேட்டைத் திறந்து வைத்ததில் வெளியே வந்து என் மகனைக் காலில் கடித்துவிட்டது. "தடுப்பூசி போட்ட நாய், ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். கேஸ் கொடுக்கலாமா?
வாசகி, நாகர்கோவில்

கேஸை அப்புறம் பார்ப்போம். பையனுக்கு ஊசி போட்டாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியிருக்க வேண்டும். மஞ்சள், காபித்தூள், மிளகாய் எதுவும் ஆகாது. நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்று என்று உடைமைக்காரர் வாயால் சொல்வதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மற்ற அரசு ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகப் போடுகிறார்கள். முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்திலேயே போடுகிற இம்யூனோகுளோபுலின் தனி, அதைக் கேட்டு வாங்குங்கள். ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

இனி கேஸ். விலங்கைக் கவனக்குறைவாக வைத்து மனிதருக்கு ஆபத்து வரவைத்தால் இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆஸ்பத்திரியின் காயச் சான்று, கேட் திறந்து கிடந்ததைப் பார்த்த ஒரு சாட்சி, தெருவில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு, இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். செலவுக்கு நஷ்டஈடு சிவில் கோர்ட்டில் தனியாகக் கேட்கலாம். நாய்க்கு மாநகராட்சி உரிமம் இருக்கிறதா, தடுப்பூசி அட்டை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அட்டை வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னும் நல்லது, உங்கள் வழக்குக்கு.

நாயை விஷம் வைத்துவிடலாம் என்று உங்கள் கொழுந்தன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் அதே சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான் அபராதம், அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தால் இந்தப் பிரிவு வந்து பிடித்துக்கொள்ளும்.

தெருநாய் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2023 கருத்தடை விதிகளின்படி பிடித்த நாயைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி, வெறிபிடித்த, கடிக்கிற சுபாவமுள்ள நாய்களை மட்டும் விடக்கூடாது என்றது. சோறு வைப்பதற்கும் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்தால் திரும்ப அங்கே விடக்கூடாது என்று உத்தரவானது.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி ஒருவர் முப்பது தேன்பெட்டி வைத்திருக்கிறார். கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி முழுக்க மஞ்சள் புள்ளி. ராத்திரி டியூப்லைட்டைச் சுற்றித் தேனீ. தேனீ வளர்க்க லைசென்ஸ் வேண்டாமா?
வாசகர், நல்லூர்

இந்தக் கடிதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த மஞ்சள் புள்ளி தேனீயின் எச்சம். பெட்டிக்குள் அசுத்தம் செய்யாமல் அடக்கிக்கொண்டிருந்துவிட்டு, வெளியே பறந்து வந்துதான் கழிக்கும். வெள்ளைத் துணி மேல் நன்றாகத் தெரியும். சோப்பில் உடனே போகாது, காய்வதற்கு முன் வெந்நீரில் ஊறப்போட்டால் போகும்.

தேனீ வளர்க்க லைசென்ஸ் வேண்டாம். பெட்டியில் வளர்க்கிற தேனீ விவசாயத்தோடு சேர்ந்த தொழில். அதுவும் மார்த்தாண்டத்தில் போய் இதைக் கேட்கலாமா? 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே நடத்திய காலத்திலிருந்து ஊரே இதைப் படித்திருக்கிறது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கிற தேனுக்காகப் பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோவார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் சீசனில் கொண்டுபோவார் என்று நினைக்கிறேன். மற்ற மாதங்களில்தான் உங்களுக்குச் சோதனை.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அவர் இஷ்டத்துக்கு வைக்கலாம் என்றும் இல்லை. அடுத்தவர் வீட்டில் இயல்பாக இருக்க முடியாமல் செய்தால் சிவில் தொல்லைதான். ஆனால் கோர்ட்டுக்கு முன்னால் மூன்று வேலை கேளுங்கள். பெட்டியின் வாசல் உங்கள் பக்கம் பார்த்திருந்தால் திருப்பச் சொல்லுங்கள், ஒரே நாளில் முழுக்கத் திருப்பினால் ஈ வழி தவறும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும், அது அவருக்குத் தெரியும். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஓலைத்தட்டியோ செடி வேலியோ வைத்தால் தேனீ மேலெழும்பிப் பறந்துவிடும், உங்கள் தலைக்கு நேராக வராது. அவர் இடத்திலேயே தண்ணீர் வைத்தால் உங்கள் குழாயடிக்கு வராது. டியூப்லைட் உங்கள் பொறுப்பு, மஞ்சள் பல்பு மாற்றிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டினால் மூச்சுத் திணறும் ஒவ்வாமை இருந்தால் மட்டும் டாக்டர் சீட்டோடு என்னிடம் வாருங்கள், அப்போது கடுதாசி வேறு மாதிரி எழுதலாம்.

இதற்கெல்லாம் அவர் உங்களுக்கு வருடத்துக்கு ஒரு பாட்டில் தேனாவது தர வேண்டும் என்பது என் தனிப்பட்ட தீர்ப்பு.

மற்ற கடிதங்களுக்குச் சுருக்கமாக:

அதிர்ஷ்டத்துக்காக வீட்டில் நட்சத்திர ஆமை வைத்திருக்கும் கன்னியாகுமரி வாசகருக்கு: அது முதல் பட்டியல். மூன்று முதல் ஏழு வருடம். உங்களுக்கு ஆமையால் வரப்போவது அதிர்ஷ்டமில்லை. கிளிக்குச் சொன்ன அதே வழியில் போங்கள், சீக்கிரம். கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமையை ஊர்க் குளத்தில் விடலாமா என்று கேட்ட மாணவருக்கு: விடாதே தம்பி. அது வெளிநாட்டு இனம், குளத்தில் உள்ள நம் ஆமைக்கும் மீனுக்கும் மிச்சம் வைக்காது.

மயில் இறகு வீட்டில் வைக்கலாமா? தானாக உதிர்ந்த தோகை வைக்கலாம். தோவாளைப் பக்கம் பயிரைத் தின்கிறது என்று மயிலைத் தொட்டால் முதல் பட்டியல்.

கறிக்காக முயல் வளர்க்கும் அருமனை வாசகருக்கு: பண்ணை முயலுக்குத் தடையில்லை. காட்டு முயலைக் கண்ணி வைத்துப் பிடித்தால் வனச்சட்டம்.

லாரியில் மாடு ஏற்றும் களியக்காவிளை வாசகருக்கு: 1978 விதிப்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் சான்றும் வேண்டும்.

ரப்பர் எஸ்டேட்டில் மரத்தடி இழுக்க யானை வாங்க ஆசைப்படும் அன்பருக்கு: யானையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. உரிமைச் சான்று உள்ள யானையைக் கைமாற்றவும் இடம் மாற்றவும் 2024-இல் தனி விதிகளே வந்துவிட்டன, தலைமை வன உயிரினக் காப்பாளர் வரை போகும். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் திருவனந்தபுரம் போவதைப் பார்த்துத் திருப்திப்படுங்கள், தடிக்கு டிராக்டர் பிடியுங்கள்.

கடைசியாக, "பக்கத்து வீட்டுச் சேவல் விடிய நாலு மணிக்கே கூவுகிறது, என்ன பிரிவு?" என்று கேட்ட கருங்கல் வாசகருக்கு. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு, சேவல் அந்த வகையில் வராது. அதன் கூட்டை உங்கள் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றி, ராத்திரி வெளிச்சம் படாமல் சாக்குப் போட்டு மூடச் சொல்லுங்கள். இருட்டாக இருந்தால் கொஞ்சம் தாமதமாகக் கூவும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும்.